அளவுகோலும் ஆட்டக்காரரும்



நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், புதிதாக வரும் வகுப்பினரை நோக்கி, "சென்ற ஆண்டு மாணவர் உங்களினும் மேலானவர்" என்று கூறுவது என் வழக்கம். ஒரு நாள் கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வினாத்தாளா?" என்று கேட்டான். அவனை அதட்டி உட்காரவைத்தேன். அக்கேள்வியின் நியாயம் எனக்குப் புலப்பட நெடுநாள் ஆயிற்று. பிராட்மன் பெரியவரா, டெண்டுல்கர் பெரியவரா என்று நீங்கள் வாதிடும்போதெல்லாம் அவன் குரலே என் செவியில் ஒலிக்கிறது.

முதலில் எண்களை நோக்குவோம். ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் 1928 முதல் 1948 வரை 52 டெஸ்ட் பந்தயங்களில் 6,996 ஓட்டங்கள் எடுத்தார். அவர் ஆட்டமிழந்தது 70 முறை. எனவே சராசரி 99.94. நம் சச்சின் டெண்டுல்கர் 1989 முதல் 2013 வரை 200 டெஸ்ட் பந்தயங்களில் 15,921 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 53.78. மொத்தத்தைக் கொண்டால் டெண்டுல்கர் வெல்வார். சராசரியைக் கொண்டால் பிராட்மன் வெல்வார்.

ஆனால் வினாத்தாள் ஒன்றா? பிராட்மன் தலைக்கவசமின்றி ஆடினார். மழையில் நனைந்த ஆடுகளத்திலும் ஆட நேர்ந்தது. எனினும் அவர் டெஸ்ட் ஆடியது ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்னும் இரு நாடுகளில் மட்டுமே. டெண்டுல்கரோ பல நாட்டு மண்ணில் ஆடினார். இடையிடையே ஒருநாள் பந்தயங்களும் ஆடினார்.

பின் எவ்வாறு ஒப்பிடுவது? ஒருவரை முதலில் அவர் காலத்தவரோடு நிறுத்திப் பாருங்கள்; அவர்கள் எழுதியது ஏறக்குறைய ஒரே தாள். பிராட்மன் காலத்துச் சிறந்தோருள் ஜார்ஜ் ஹெட்லியின் சராசரி 60.83, வாலி ஹாமண்டின் சராசரி 58.45. டெண்டுல்கர் காலத்துக் காலிஸின் சராசரி 55.37; லாராவுக்கு 52.88, திராவிடுக்கு 52.31. ஆகவே சராசரியில் பிராட்மன் தம் காலத்தவரை விட்டு வெகுதொலைவு முன்னே நிற்கிறார். டெண்டுல்கரோ தம் காலத்துச் சிறந்தோருள் ஒருவராய் நிற்கிறார். ஆயினும், 24 ஆண்டுகள் அவ்வரிசையினின்று வழுவாது நின்றமை அவருடைய தனிப்பெருமை. அவர் விடைபெற்றபோது 200 டெஸ்ட் ஆடியவர் வேறெவரும் இலர்.

இம்முறையும் குறையற்றதன்று. போட்டியிடுவோர் சிலராய் இருந்த காலத்தில் ஒருவர் தனித்துத் தெரிதல் எளிது. பலராய் இருக்கும் காலத்தில் அரிது. ஆதலின் தீர்ப்புக் கூறுமுன், எதை அளக்கிறோம், எதனால் அளக்கிறோம் என்று சொல்லிவிடுவதே நேர்மை.

அச்சிறுவனுக்கு அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே: "இல்லை தம்பி, தாள் வேறு, உங்களை உங்கள் தாளைக் கொண்டே நான் அளந்திருக்க வேண்டும்."