கல் சொன்ன கதை

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அதில் சிங்க முத்திரை இருக்கிறது. அது நம் நாட்டின் அரசு முத்திரை. நம் தேசியக் கொடியின் நடுவில் ஒரு சக்கரம் இருக்கிறது. இந்தச் சிங்கமும் சக்கரமும் யாருடையவை?

அசோகருடையவை. அவர் சுமார் 2250 ஆண்டுகளுக்கு முன்பு ஆண்ட மௌரியப் பேரரசர். இன்றைய பாட்னா நகரம்தான் அவருடைய தலைநகரம். அப்போது அதன் பெயர் பாடலிபுத்திரம்.

இவ்வளவு பெரிய அரசரை நம் நாடு மறந்தே போனது. பல நூறு ஆண்டுகள் அவரைப் பற்றி யாரும் பேசவில்லை. பழைய அரசர் பட்டியலில் வெறும் பெயராக இருந்தார். இது எப்படி நடந்தது?

படிக்க ஆள் இல்லை

அசோகர் தம் செய்திகளைப் பாறைகளிலும் தூண்களிலும் வெட்டி வைத்தார். அந்த எழுத்துக்குப் பிராமி என்று பெயர். காலப்போக்கில் எழுத்தின் வடிவம் மாறியது. பழைய வடிவத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனார்கள்.

சுமார் 650 ஆண்டுகளுக்கு முன்பு டில்லியை ஆண்டவர் பிரோஸ் ஷா துக்ளக். அவர் அசோகரின் இரண்டு தூண்களை டில்லிக்குக் கொண்டு வந்தார். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று கற்றவர்களைக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. அது பீமன் ஊன்றிய தடி என்று மக்கள் கதை சொன்னார்கள்.

எழுத்து கண்ணெதிரே இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. கையில் கடிதம் வந்தும் படிக்க முடியாமல் நின்ற நாள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்று ஒரு நாடே அப்படி நின்றது.

பூட்டைத் திறந்த சொல்

ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் கல்கத்தா நாணயச் சாலையில் வேலை செய்தார். சாஞ்சி என்ற ஊரில் கிடைத்த சின்னச் சின்னக் கல்வெட்டுகளின் படிகளை அவர் பார்த்தார். பெரும்பாலானவை ஒரே எழுத்துகளில் முடிந்தன. கோயிலுக்குப் பொருள் கொடுத்தவர்கள் என்ன எழுதுவார்கள் என்று யோசித்தார். 'தானம்' என்றுதானே எழுதுவார்கள்! அந்த ஒரு சொல்லால் பூட்டுத் திறந்தது. 1837-ஆம் ஆண்டு பெரும்பாலான எழுத்துகளைப் படித்துவிட்டார்கள்.

ஆனால் கல்லில் அசோகர் என்ற பெயர் இல்லை. 'தேவர்களுக்குப் பிரியமான பியதசி' என்று இருந்தது. அது யார்? இலங்கை அரசர் என்று பிரின்செப் முதலில் நினைத்தார். இலங்கையின் பழைய பாலி நூல்களைப் படித்த டர்னர் என்பவர், பியதசி என்பது அசோகரே என்று காட்டினார். பிரின்செப் தம் தவறை ஏற்றுக்கொண்டார். பிறகு 1915-இல் கர்நாடகத்தின் மஸ்கி என்ற ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதில் அசோகர் என்ற பெயரே இருந்தது. ஐயம் தீர்ந்தது.

கல்லையும் கேள்வி கேட்க வேண்டும்

அசோகர் தம் சகோதரர்கள் 99 பேரைக் கொன்றார் என்று மகாவம்சம் என்ற இலங்கை நூல் சொல்கிறது. அந்த நூல் அவருக்கு 700 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்டது. பட்டம் ஏறிப் பல ஆண்டுகள் ஆன பிறகு அசோகர் வெட்டிய கல்வெட்டோ, அவருடைய சகோதரர்களின் குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே 99 என்ற கணக்கை அப்படியே நம்ப முடியாது.

அப்படியானால் கல்வெட்டு சொல்வதெல்லாம் முழு உண்மையா? அதுவும் அரசரே சொன்ன சொல்தான். கலிங்கம் என்பது இன்றைய ஒடிசாப் பகுதி. அங்கு நடந்த போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று அசோகர் எழுதினார். அதற்காக வருந்துவதாகவும் எழுதினார். ஆனால் ஒடிசாவில் தௌலி என்ற ஊரில் உள்ள அவருடைய பாறையில் இந்தச் செய்தி இல்லை. அடிபட்ட மக்களிடம் அதைச் சொல்ல அவர் விரும்பவில்லை போலும்.

மூன்று கேள்விகள்

தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் சரித்திரச் சண்டை வருவதுண்டு. "எங்கள் ராஜாதான் பெரியவர்" என்பார் ஒருவர். "உங்கள் ராஜா கொடியவர்" என்பார் மற்றவர். என்றோ வாழ்ந்த அரசருக்காக இன்று அண்டை வீட்டார் பகையாகிறார்கள். இந்தச் சண்டையில் ஊருக்கு என்ன லாபம்?

அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? வேறு சான்று இருக்கிறதா? பதில் இல்லையென்றால் பொறுத்திருங்கள். பிரின்செப்பைப் போல, தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அது தோல்வி ஆகாது.

உங்கள் ஊரில் பழைய கல்வெட்டு இருக்கிறதா? அதன்மேல் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். துணி துவைக்கும் கல்லாக ஆக்காதீர்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

நமக்கு இன்று எழுத்துத் தெரியும். நம்மிடம் யார் எந்தக் கதை சொன்னாலும், சான்றைக் கேட்டு நாமே படித்துப் பார்க்கலாம்.