கடலடி வடமும் திருட்டுத் திரையும்

2020 ஆகஸ்ட் 10 அன்று அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வாழ்க்கையில் ஒரு புதிய வாயில் திறந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடி இழை வடம் அன்று பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேர், சுவராஜ் தீவு, கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் எனப் பல இடங்களை அது இணைக்கிறது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையையே நம்பியிருந்த தீவுவாசிகளுக்கு, வங்கிச் சேவையும் இணையவழிக் கல்வியும் புதுத் திரைப்படமும் ஒரே வடத்தில் வந்து சேர்ந்தன. திருட்டுப் பிரதிகளும் அதே வழியில்தான் வருகின்றன.

அவற்றைச் சட்டத்தால் தடுக்க முடியுமா? விடை தேட நாம் சென்னைக்கே திரும்ப வேண்டும். 2011 நவம்பரில் இணையத்தில் வெளியான ஒரு பாடலால் உலகெங்கும் பேசப்பட்ட படம் ‘3’. 2012இல் அதன் தயாரிப்பு நிறுவனம், திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. எதிராளி யாரென்று தெரியாத நிலையில் வழங்கப்படும் இத்தகைய ஆணையை நம் நாட்டில் ‘அசோக் குமார் ஆணை’ என்பதும் வழக்கம். இணையச் சேவை நிறுவனங்களோ குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமல்லாமல், முறையாக இயங்கிய காணொளித் தளங்களையும் முழுமையாக முடக்கின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், தடை குறிப்பிட்ட இணைய முகவரிகளுக்கு மட்டுமே பொருந்தும் என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

முகவரியை மட்டும் தடுத்தால், தளம் மறுநாளே வேறு பெயரில் முளைக்கிறது. இதற்கு மாற்றாக, 2019 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் தொடர்ந்து விரிவடையும் தடையாணையை வழங்கியது. புதிதாகத் தோன்றும் நகல் தளங்களை, புதிய வழக்கு தொடராமலே அத்தடையில் சேர்க்கலாம்.

பயன் என்ன? பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று தெளிவான பாடத்தைத் தருகிறது. 2012இல் ஒரே ஒரு பெரிய தளம் முடக்கப்பட்டபோது, பார்வையாளர் வேறு திருட்டுத் தளங்களுக்கு நகர்ந்தனர். கட்டணச் சேவைகளுக்குப் பலன் கிட்டவில்லை. 2013இல் 19 தளங்கள் முடக்கப்பட்டபோதோ, கட்டணச் சேவைகளின் பயன்பாடு உயர்ந்தது. திருட்டு வழியைத் தேடிப் பிடிப்பது தொல்லையாகும்போதுதான், பலர் நேர்வழிக்குத் திரும்புகின்றனர். அதற்கு அந்த நேர்வழி எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். தீவுகளுக்கு அதை எட்டச் செய்ததில் கடலடி வடத்திற்குப் பெரும் பங்குண்டு.

2023ஆம் ஆண்டின் திரைப்படத் திருத்தச் சட்டமும் கடுமையானது. திரையரங்கில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கும், அப்பிரதியைப் பரப்புவோருக்கும் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சிறைத் தண்டனை 3 ஆண்டு வரையிலும், அபராதம் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரையிலும் உயரலாம்.

வாடிக்கையாளர்களுக்கு நாம் கூற விரும்புவது இன்னொன்றும் உண்டு. திருட்டுத் தளங்கள் எதையும் இலவசமாகத் தருவதில்லை. படத்தைக் காட்டுவதாகக் கூறி அவை நிறுவச் சொல்லும் செயலிகள், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் படிக்க வல்லவையாக இருக்கலாம். அதே கைப்பேசியில்தான் நம் சேமிப்புக் கணக்கும் இருக்கிறது. அறியாத செயலிகளை நிறுவாதீர்கள். பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

ஒரு படத்திற்கான கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய், ஆண்டுக்கணக்கில் சேர்த்த சேமிப்பை இழக்க வேண்டாம்.