எலிக்கு மஞ்சள்... நமக்கு?

எம்.ஃபார்ம் சீனியர் யாராவது விடிஞ்சதும் விடியாததுமா அனிமல் ஹவுஸுக்கு ஓடுகிறாரா? கிண்டல் பண்ணாதீங்க பாஸ். உள்ளே ரெண்டு டஜன் சுண்டெலிகளுக்கு வயிறு சரியில்லை. எடை பார்க்கணும், புழுக்கையில் ரத்தம் இருக்கான்னு சோதிச்சு மார்க் போடணும். தினமும்!

நோயை வரவழைத்ததே நம்ம சீனியர்தான். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்கிற ரசாயனத்தைக் குடிதண்ணீரில் 3 சதவிகிதம் போலக் கலந்து ஒரு வாரம் வைத்தால் போதும். பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி ரத்தம் கசியும். மனிதர்களுக்கு வரும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' மாதிரியே. அது பெரும்பாலும் தலைகாட்டுவது 15 டு 30 வயசில். அதாவது நம்ம செட்! நாளைக்குப் பத்து தடவை பாத்ரூம் ஓடுகிறவன் எப்படி செமஸ்டர் எழுதுவான்?

ஒரு குரூப் எலிக்கு வெறும் தண்ணீர். இன்னொன்றுக்கு ரசாயனம் மட்டும். மூன்றாவதுக்கு ரசாயனத்தோடு குர்க்குமின், அதாவது மஞ்சளுக்கு நிறம் தருகிற சரக்கு. நான்காவதுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தரும் மெசலமைன். கடைசி நாளில் எலிகளைக் கொன்று, பெருங்குடலை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். வீங்கிப் புண்ணான குடல் குட்டையாகிவிடும். அது குட்டையாகாமல் இருந்தால் சீனியர் முகத்தில் பல்பு எரியும். 'இதுக்கு இத்தனை உயிரா?' என்று கேட்கத் தோணுதா? எதிக்ஸ் கமிட்டியும் அதைத்தான் முதலில் கேட்கும். எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கணக்குச் சொல்லாமல் அனுமதி கிடையாது.

வில்லங்கம் வேற இடத்தில். நிறைய பரிசோதனைகளில் ரசாயனத்துக்கு முன்பே மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். ரிசல்ட் சூப்பரா வரும். ஆனா, நோய் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போறவன் எவன்? மார்க் போடுகிறவருக்கு எது எந்தக் கூண்டு என்றும் தெரியக் கூடாது. தெரிந்தால், நம்ம குரூப்புக்குக் கை தானாகக் கருணை காட்டும்.

குர்க்குமினை இப்படி எலியில் சோதித்து, 2002-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் நல்ல பலன் சொன்னார்கள். 2006-ல் அங்கேயே மனிதர்களிடம் சோதனை. நோய் அடங்கியிருந்த 89 பேர், ஆறு மாதம். வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்க்குமின் சேர்த்துச் சாப்பிட்ட 43 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியது. டம்மி மாத்திரை சாப்பிட்ட 39 பேரில் 8 பேருக்கு. 'மருந்தோடு' என்பதைக் கவனிங்க. பாட்டி தரும் மஞ்சள் பாலை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

நம்ம நிலவேம்பும் இந்த ரேஸில் ஓடியது. 2013-ல் வெளியான 224 பேர் சோதனையில், அதன் சாறு அதிக அளவில் சாப்பிட்டவர்களில் 60 சதவிகிதம் பேருக்குப் பலன், டம்மிக்கு 40. அடுத்து நடந்த பெரிய சோதனையை, தேறாது என்று 2014-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.