பணம் கட்டியவர்கள் 3 லட்சம் பேர்! கார் கிடைத்ததோ ஒருவருக்கும் இல்லை!
உலகம் சுற்றிய "வண்டு" காரின் கதை

ஜெர்மனியில் உல்ப்ஸ்பர்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1938-ம் ஆண்டுக்கு முன் அங்கே அப்படி ஒரு நகரம் கிடையாது. வயலும் புல்வெளியும் ஒரு பழைய கோட்டையும் இருந்தன.

ஒரு கார் தொழிற்சாலைக்காகவே அந்த ஊர் பிறந்தது. அந்தத் தொழிற்சாலைதான் "ஃபோக்ஸ்வேகன்".

ஜெர்மன் மொழியில் "ஃபோக்" என்றால் மக்கள். "வேகன்" என்றால் வண்டி. "மக்கள் வண்டி" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

பெயர் நல்ல பெயர். ஆனால் அந்தப் பெயரை வைத்தே மக்களை ஏமாற்றிய கதையும் உண்டு. பிறகு அதே பெயர் உலகப் புகழ் பெற்ற கதையும் உண்டு. புகழின் உச்சியில் இருந்தபோது மறுபடியும் மானம் போன கதையும் உண்டு.

ஹிட்லரின் ஆசை வார்த்தை

1930-ம் ஆண்டுகளில் ஜெர்மனியில் கார் என்பது பணக்காரர் பொருள். தொழிலாளிகள் சைக்கிளில் போனார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார்கள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். "ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கார்" என்று ஆசை காட்டினார்.

பெர்டினாண்ட் போர்ஷே என்ற புகழ் பெற்ற என்ஜினீயரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது.

கார் எப்படி இருக்க வேண்டும்? பெரியவர்கள் 2 பேர், குழந்தைகள் 3 பேர் உட்கார வேண்டும். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகம் போக வேண்டும். பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும். விலை 1,000 மார்க்குக்கு உள்ளே இருக்க வேண்டும். (மார்க் என்பது அப்போதைய ஜெர்மன் நாணயம்.)

போர்ஷே கூன் முதுகு போட்ட ஒரு சின்னக் காரை உருவாக்கினார். பார்ப்பதற்கு வண்டு போல இருந்தது. "வண்டு" என்ற பெயரே பின்னாளில் அதற்கு நிலைத்துவிட்டது.

ஏழைக்கும் ஏற்ற சின்னக் கார் வேண்டும் என்று போர்ஷேக்கு முன்பே எழுதியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ஜோசப் கான்ஸ். அவரும் என்ஜினீயர். பத்திரிகை ஆசிரியர். ஆனால் யூதர். ஹிட்லர் ஆட்சி அவரைக் கைது செய்தது. பிறகு அவர் ஜெர்மனியை விட்டே வெளியேறினார். 1967-ல் ஆஸ்திரேலியாவில் காலமானார்.

வாரம் 5 மார்க்

1938 மே 26-ந் தேதி, தொழிற்சாலைக்கு ஹிட்லர் அடிக்கல் நாட்டினார். பெரும் கூட்டம் கூடியது. கொடிகள் பறந்தன. மூன்று கார்களைக் கொண்டு வந்து மக்களுக்குக் காட்டினார்கள்.

விலை 990 மார்க் என்று அறிவித்தார்கள்.

அவ்வளவு பணம் தொழிலாளியிடம் ஏது? அதற்கும் வழி சொன்னார்கள்.

நம் ஊரில் சீட்டுக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல ஒரு திட்டம். வாரம் 5 மார்க் கொடுத்து ஒரு ஸ்டாம்பு வாங்க வேண்டும். அதை அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டைகள் நிறைந்ததும் கார் வீட்டுக்கு வரும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 990 மார்க் சேர 198 வாரம் ஆகும். ஏறக்குறைய 4 ஆண்டு!

கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது. நடுவில் "எனக்குக் கார் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடு" என்றும் கேட்க முடியாது.

அப்படி இருந்தும் மக்கள் நம்பினார்கள். சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் பணம் கட்டினார்கள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி ஸ்டாம்பு வாங்கி ஒட்டினார்கள்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. தொழிற்சாலை ராணுவத்துக்கு வண்டி செய்யத் தொடங்கியது.

போர்க் காலத்தில் அங்கே தயாரான "வண்டு" கார்கள் சில நூறுதான். அவையும் அதிகாரிகளுக்கும் ஹிட்லர் கட்சிக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஸ்டாம்பு ஒட்டியவர்களில் ஒருவருக்குக் கூடக் கார் கிடைக்கவில்லை!

தொழிற்சாலைக்குள் நடந்த கொடுமை

ஏமாற்றத்தை விடப் பெரிய பாவம் ஒன்று அங்கே நடந்தது.

ஆண்கள் போர் முனைக்குப் போய்விட்டார்கள். வேலைக்கு ஆள் இல்லை. போலந்து, ரஷியா, பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்தார்கள். போர்க் கைதிகளைக் கொண்டு வந்தார்கள். வதை முகாம்களிலிருந்து யூதர்களையும் கொண்டு வந்தார்கள்.

இப்படிப் போர்க் காலத்தில் கட்டாய வேலை செய்தவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். ராணுவ வண்டிகளையும், லண்டன் மீது வீசப்பட்ட பறக்கும் குண்டுகளின் பாகங்களையும் அவர்கள் செய்தார்கள்.

பிடித்து வரப்பட்ட பெண்களில் சிலருக்குக் குழந்தை பிறந்தது. தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்தார்கள். ரூயன் என்ற கிராமத்தில் ஒரு விடுதியில் போட்டார்கள். சரியான பால் இல்லை. சுத்தம் இல்லை. கவனிப்பு இல்லை. 300-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் அங்கே மடிந்தன.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவக் கோர்ட்டு இதை விசாரித்தது. பொறுப்பில் இருந்த தொழிற்சாலை டாக்டருக்கு மரண தண்டனை விதித்தது. 1947-ல் தண்டனை நிறைவேறியது.

இடிபாட்டில் ஓர் ஆங்கிலேயர்

1945-ல் ஜெர்மனி தோற்றது. உல்ப்ஸ்பர்க் இருந்த பகுதி பிரிட்டிஷார் வசம் வந்தது.

தொழிற்சாலையில் குண்டு விழுந்து கூரை ஓட்டையாகிக் கிடந்தது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. "இயந்திரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம்" என்ற பேச்சு நடந்தது.

அந்த நேரத்தில் பொறுப்பேற்க வந்தவர் ஐவன் ஹர்ஸ்ட். பிரிட்டிஷ் ராணுவ மேஜர். வயது 29.

கிடந்த ஒரு காருக்குப் பச்சை வர்ணம் அடிக்கச் சொன்னார். ராணுவத் தலைமை நிலையத்துக்கு அனுப்பிக் காட்டினார்.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அப்போது வண்டிப் பஞ்சம். கார் பிடித்துவிட்டது. 20 ஆயிரம் கார் செய்து கொடுக்கும்படி உத்தரவு வந்தது. அந்த உத்தரவுதான் தொழிற்சாலையைக் காப்பாற்றியது.

நிலக்கரி இல்லை. இரும்புத் தகடு இல்லை. தொழிலாளிகளுக்குச் சாப்பாடே சரியாக இல்லை. அப்படியும் 1946 மார்ச் மாதம் 1,000 கார் வெளியே வந்தது.

காரைச் செய்தால் போதாது, பழுது பார்க்கவும் ஆள் வேண்டும் என்றார் ஹர்ஸ்ட். பழுது பார்ப்பதற்கும் உதிரிப் பாகங்கள் கொடுப்பதற்கும் ஏற்பாடு செய்தார். பின்னால் வந்த புகழுக்கு அடிப்படை போட்டவர் அவரே.

பிரிட்டிஷ் கார் முதலாளிகளுக்கு இந்தத் தொழிற்சாலை வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியும் வாங்கவில்லை. "இந்த விகாரமான காரை யார் வாங்குவார்கள்?" என்பது அவர்களுடைய எண்ணம்.

வண்டு பறந்தது!

1948 ஜனவரி 1-ந் தேதி ஹைன்ரிக் நோர்ட்ஹாப் என்ற ஜெர்மானியர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். முதலில் தொழிற்சாலைக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார்.

"காரின் உருவத்தை மாற்றாதே. உள்ளே இருக்கும் குறையை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே போ." இதுதான் அவருடைய வழி. மற்ற கம்பெனிகள் ஆண்டுக்கு ஒரு புது உருவம் காட்டின. வண்டு மட்டும் வண்டாகவே இருந்தது.

அதில் அப்படி என்ன விசேஷம்?

என்ஜின் பின்பக்கம் இருந்தது. அந்தப் பளு பின் சக்கரங்களை அழுத்தியது. அதனால் சேற்றிலும் பனியிலும் சக்கரம் பிடிப்புடன் ஓடியது.

என்ஜினைக் குளிர வைப்பது காற்று. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கோடையில் கொதிக்கத் தண்ணீர் இல்லை. குளிரில் உறையவும் தண்ணீர் இல்லை.

பழுது பார்ப்பதும் சுலபம். இதனால் குடும்பஸ்தர்கள் நம்பி வாங்கினார்கள்.

அமெரிக்காவில் 1949-ல் விற்றவை இரண்டே இரண்டு வண்டுகள்! 1970-ல் அங்கே ஃபோக்ஸ்வேகன் கம்பெனி விற்றது 5 லட்சத்துக்கும் மேல்!

1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது வண்டு வெளியே வந்தது. 1972 பிப்ரவரி 17-ந் தேதி எண்ணிக்கை 1 கோடியே 50 லட்சத்து 7 ஆயிரத்தைத் தாண்டியது. அன்றைக்கு ஃபோர்டு "டி" காரின் பழைய சாதனை முறிந்தது. "யார் வாங்குவார்கள்?" என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில்!

கடைசி வண்டு 2003 ஜூலை 30-ந் தேதி மெக்சிகோ நாட்டில் தயாரானது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்து 29 ஆயிரத்து 464 கார்கள்!

ஸ்டாம்பு ஒட்டியவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்கள் சும்மா இருக்கவில்லை. "எங்கள் பணத்துக்குக் கார் கொடு" என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

"நீங்கள் பணம் கட்டியது ஹிட்லர் கட்சியின் தொழிலாளர் அமைப்பிடம். எங்களிடம் அல்ல" என்று கம்பெனி வாதாடியது. பணம் பெர்லின் பாங்கியில் இருந்தது. போர் முடிவில் அது ரஷியர் வசம் போய்விட்டது.

வழக்கு ஆண்டுக் கணக்கில் நடந்தது. 1961-ல் சமரசம் ஏற்பட்டது. புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி. கார் வேண்டாம் என்றால் 100 மார்க் வரை ரொக்கம்.

முழுக் காருக்குப் பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கட்டாய வேலை செய்தவர்கள் அதை விட நீண்ட காலம் காத்திருந்தார்கள். 1998-ல்தான் அவர்களுக்கு உதவ ஒரு நிதியைக் கம்பெனி ஏற்படுத்தியது. அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.

மறுபடியும் ஒரு மோசம்

வண்டுக்குப் பிறகு 1974-ல் "கோல்ப்" கார் வந்தது. அதுவும் கோடிக் கணக்கில் விற்றது. ஆடி, ஸ்கோடா, பென்ட்லி, லம்போர்கினி முதலிய பெயர் பெற்ற கார்களும் இந்தக் கம்பெனியின் குடைக்குள் வந்தன. மராட்டியத்தில் புனா அருகே சாகன் என்ற இடத்திலும் 2009-ல் தொழிற்சாலை திறந்தார்கள்.

"ஜெர்மன் கார் என்றால் நாணயம்" என்று உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கையில் 2015 செப்டம்பரில் இடி விழுந்தது.

டீசல் கார் விடும் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தி எடுக்கும். ஆகவே "இவ்வளவுக்கு மேல் விடக் கூடாது" என்று அரசாங்கங்கள் அளவு வைத்திருக்கின்றன.

ஃபோக்ஸ்வேகன் என்ன செய்தது தெரியுமா?

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு தந்திரம் கற்றுக் கொடுத்தது. பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்தால் புகையை அடக்கிக்கொள்ளும். ரோட்டுக்கு வந்ததும் பழையபடி கக்கும்!

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவார்களே, அந்தக் கதைதான்!

இந்தக் குட்டு உடையக் காரணமாக இருந்தவர்கள் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள். அந்தச் சிறு குழுவில் நம் நாட்டிலிருந்து போன அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோரும் இருந்தார்கள்.

கம்பெனியைக் குற்றம் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் கிளம்பவில்லை. ரோட்டில் ஓடும்போது புகை எவ்வளவு வருகிறது என்று அளக்கத்தான் கிளம்பினார்கள். கருவிகளைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டினார்கள்.

இரண்டு ஃபோக்ஸ்வேகன் கார்களை அளந்தார்கள். ஒன்று சட்ட அளவைப் போல 15 மடங்கு முதல் 35 மடங்கு வரை நச்சு வாயு விட்டது! "நம் கருவிதான் கெட்டுவிட்டதோ" என்று கூடச் சந்தேகப்பட்டார்கள். கருவி சரியாகவே இருந்தது.

அமெரிக்க அதிகாரிகள் நெருக்கியபோது கம்பெனி உண்மையை ஒப்புக்கொண்டது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்தத் தந்திரம் இருந்தது! தலைவர் வின்டர்கார்ன் பதவி விலகினார். இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைச் சரி செய்வதற்காகத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள்.

அபராதம், நஷ்ட ஈடு எல்லாம் சேர்த்து 3 ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல் செலவு. 2025 மே மாதம் ஜெர்மன் கோர்ட்டு ஒன்று, கம்பெனியின் பழைய அதிகாரிகள் 4 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்புக் கூறியது. அவர்களில் 2 பேருக்குச் சிறைத் தண்டனை.

பெயர் சம்பாதிப்பது எப்படி?

இத்தனைக்குப் பிறகும் ஃபோக்ஸ்வேகன் உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் பழைய கவலையற்ற நிலை இல்லை. மின்சாரக் கார் போட்டியும் சீனாவின் போட்டியும் நெருக்குகின்றன. 2030-க்குள் ஜெர்மனியில் 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதென்று 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று.

காரின் பெயரை வளர்த்தது விளம்பரம் மட்டும் அல்ல. நடு ரோட்டில் நிற்காமல் குடும்பத்தை வீடு சேர்த்ததால் வண்டுக்குப் பெயர் வந்தது. அப்படி முப்பது நாற்பது ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த பெயரைக் கம்ப்யூட்டரில் எழுதிய ஒரு பொய் கெடுத்தது.

உல்ப்ஸ்பர்க் தொழிற்சாலையில் குண்டு வீச்சுக்குப் பயந்து மக்கள் ஒளிந்த பழைய சுரங்க அறைகள் இருக்கின்றன. கட்டாய வேலை செய்தவர்களின் நினைவுக்காக 1999 முதல் அங்கே ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே புதுக் கார்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன.