ரெண்டு நெட் கனெக்‌ஷன் இருக்கு, சரி. ரெண்டும் ஒரே கம்பத்துலயா வருது?

நாகப்பட்டினத்துல இருந்துக்கிட்டு சென்னை, பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு நவம்பர் வந்தாலே ஒரு கவலை. நெட் போனா லீவு, லீவு தீர்ந்தா சம்பளப் பிடித்தம். மாசம் 30,000 ரூபாய் சம்பளம்னா ஒரு நாளுக்கு 1,000 ரூபாய். பேக்கப்புக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு இந்தக் கணக்கை வச்சு முடிவு பண்ணுங்க, கடைக்காரர் சொல்றதை வச்சு இல்ல.

2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. டெல்டாவுல லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாஞ்சது. பல கிராமங்களுக்கு கரண்ட் திரும்ப வர வாரக்கணக்குல ஆச்சு. அந்த மாதிரி புயலுக்கு எந்த ரௌட்டரும் பதில் இல்ல. லேப்டாப்பை எடுத்துக்கிட்டு திருச்சியில இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதுதான் பேக்கப். ஆனா வருஷம் முழுக்க நம்மளைப் படுத்துறது சின்ன விஷயங்கள்: மரக்கிளை விழறது, வைக்கோல் லாரி கேபிளை இழுத்துட்டுப் போறது, மணிக்கணக்குல கரண்ட் கட்.

முதல்ல தெருவுக்குப் போய் மேல பாருங்க. ரெண்டு கம்பெனிக்கும் தனித்தனியா பில் கட்டுவீங்க, ஆனா ரெண்டு ஃபைபரும் அதே கம்பத்துல கட்டியிருக்கும். கம்பம் சாஞ்சா ரெண்டும் போச்சு. அதனால ஒண்ணு ஃபைபர், இன்னொண்ணு சிம்ல வர்ற நெட்னு வைங்க.

மெயில், எக்செல் வேலைதான்னா போன் ஹாட்ஸ்பாட்டே போதும், காசை மிச்சம் பண்ணுங்க. ஷிஃப்ட்ல கால் எடுக்கிற வேலைன்னா மட்டும் டூயல் வேன் ரௌட்டர் வாங்கலாம். அதுல மூணு செட்டிங் முக்கியம்.

லோட் பேலன்ஸ் வேண்டாம், ஃபெயில் ஓவர் போடுங்க. லோட் பேலன்ஸ்ல ரெண்டு லைன்லயும் மாறி மாறிப் போகும். ஐபி மாறுறதைப் பார்த்து பேங்க் சைட் பாதியில வெளியே தள்ளிடும்.

அடுத்தது, லைன் செத்துப்போச்சுன்னு ரௌட்டருக்கு எப்படித் தெரியும்? இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. தெருவுல ஃபைபர் அறுந்தாலும் வீட்டுக்குள்ள இருக்கிற ஃபைபர் பெட்டிக்கு கரண்ட் இருக்கும், ரௌட்டருக்கு வர்ற வயரும் உயிரோட இருக்கும். வயரை மட்டும் பார்க்கிற ரௌட்டர் "எல்லாம் ஓகே"ன்னு நினைச்சுக்கும். அதனால 8.8.8.8, 1.1.1.1 ரெண்டுக்கும் பிங் அனுப்பி, ரெண்டும் பதில் சொல்லலைன்னா மட்டும் மாறச் சொல்லுங்க.

மூணாவது, ஃபைபர் திரும்பி வந்ததும் உடனே தாவ விடாதீங்க. சில நிமிஷம் நிலையா இருந்தப்புறம் மாறட்டும். இல்லன்னா வந்து வந்து போற லைன்ல உங்க விபிஎன் ஒவ்வொரு தடவையும் அறுந்து விழும்.

கரண்டுக்கு ஒரு மினி யூபிஎஸ். ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து தாங்குமான்னு அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்குங்க.

பணத்துக்கும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 12 அன்னைக்கு நாடு முழுக்க யூபிஐ தடுமாறினப்போ, அஞ்சு ஆப் வச்சிருந்தவங்களும் ஒரே கம்பத்துலதான் தொங்கினாங்க. ரெண்டாவது பேங்க்ல ஒரு கணக்கு, அதுக்கு ஒரு டெபிட் கார்டு, வீட்டுல ரெண்டு மூணு நாள் செலவுக்கு ரொக்கம். டவர் இருந்து நெட் மட்டும் இல்லன்னா *99# இருக்கு. பேங்க்ல பதிஞ்ச நம்பர்ல இருந்து ஒரு தடவை இப்பவே போட்டுப் பழகிக்கோங்க.

செட்டிங் ஸ்க்ரீன் எல்லாம் வீடியோவுல காட்டியிருக்கேன். போட்டு முடிச்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பண்ணுங்க. ரௌட்டர் வயரைப் பிடுங்கிப் பார்த்தா அது டெஸ்டே இல்ல. ஃபைபர் பெட்டியில இருக்கிற கண்ணாடி இழை பின்னை மடக்காம மெதுவா கழட்டுங்க, முனையைக் கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்க. எத்தனை செகண்டுல சிம் நெட்டுக்கு மாறுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.