முளைப்பாரியில் பச்சைப்பயறு

அம்மன் ஆலயங்களில் காப்புக் கட்டியதும் பெண்களின் கவனமெல்லாம் முளைப்பாரியின் மீதே திரும்பிவிடும். மண்பானையிலோ மூங்கில் கூடையிலோ வைக்கோலும் எருவும் பரப்பி, ஊறிய தானியங்களைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, நாள்தோறும் நீர் தெளித்துக் கும்மியடித்து வளர்ப்பார்கள். விழா நாளில் அவற்றைத் தலையில் ஏந்தி வீதிவலம் வரும்போது பொன்னிறமாக நிமிர்ந்து நிற்கும் முளைகளுள் பச்சைப்பயற்றுக்குத் தனி இடமுண்டு. நவக்கிரகங்களில் புதனுக்கு உரிய தானியம் அது. அபிஷேக வேளைகளில் ஓதப்பெறும் சமகத்திலும் இறைவனிடம் வேண்டப்படும் தானியங்களுள் ஒன்றாக ‘முத்கம்’ என்ற பெயரில் அது இடம்பெறுகிறது.

இவ்வழக்கம் கடல் கடந்தும் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளராக வந்த தமிழர்கள், மாரியம்மனையும் முருகனையும் தோட்டத்து மண்ணிலேயே எழுந்தருளச் செய்தனர். பத்து காவானும் அத்தகைய தோட்ட நிலமாக இருந்ததே. 2014 மார்ச்சில் திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலம் அதனைத் தீவோடு இணைத்தது. தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் பெருகின. அடுக்குமாடி வீட்டில் முளைப்பாரிக்கு இருட்டு மூலை தேடுவது எளிதன்று.

முளைப்பாரி செழித்தால் குடும்பமும் ஊரும் செழிக்கும் என்பது ஐதீகம். ஆனால் அது வாடினாலோ அழுகினாலோ, வளர்த்த பெண்ணின் விரதத்தில் குறை தேடும் நாவுகளும் உண்டு. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பத்து நாள் ஒருவேளை உண்டு வளர்த்தவளுக்கு அந்த முணுமுணுப்பு எத்துணை வேதனை தரும்! குறை பெரும்பாலும் விதையிலும் நீரிலுமே இருக்கும்.

பயற்றின் விதை நீரை உறிஞ்சிப் பருத்தவுடன் மூச்சுவிடத் தொடங்குகிறது. அதற்குக் காற்று வேண்டும். அடியில் துளையில்லாத பாத்திரத்தில் நீர் தேங்கினால் விதை மூச்சடைத்து அழுகும். மலேசியாவின் புழுக்கத்தில் பூஞ்சையும் விரைவில் பற்றும். ஆகவே நீரைத் தெளிக்க வேண்டுமேயன்றி ஊற்றலாகாது. மேலும், வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் உயிரற்றதாகிவிடும். பயறு வண்டு துளையிட்ட விதையும் அவ்வாறே. சில விதைகளின் தோல் நீரையே உள்ளே விடாது. சுண்டலில் பல்லைப் பதம் பார்க்கும் ‘கல்’ பயறும் இதுவே. காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னரே நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மூன்றாம் நாள் உண்மை தெரிந்துவிடும். எண்பதுக்கும் குறைவாக முளைத்தால் வேறு கடையில் வாங்குவதே நலம்.

இருட்டில் வளரும் முளை ஒளியைத் தேடி நீண்டு மெலிகிறது; பச்சையம் உண்டாகாததால் பொன்னிறம் பெறுகிறது. ஊர்வலத்தன்று வெயில் பட்டபின் அது பசுமை கொள்வதைக் காணலாம்.

வயலில் இதே பயறு 60 முதல் 75 நாட்களில் விளைந்துவிடும். மஞ்சள் பூக்கள் தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை கொண்டு காய்க்கும். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன. நெல் அறுத்த நிலத்தில் தமிழக உழவர்கள் பயறு விதைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காய்கள் ஒருசேர முற்றுவதில்லை. இரண்டு மூன்று முறை பறிக்க வேண்டும். முற்றிய காயில் மழை விழுந்தால் செடியிலேயே முளைத்துவிடும். ஆண்டெல்லாம் மழை பெய்யும் மலேசியா இப்பயிருக்கு ஏற்ற நாடாகாததற்கு இதுவே விளக்கம். உலகச் சந்தைக்குப் பயறு அனுப்புவதில் மியான்மார் முன்னணியில் நிற்கிறது.

திருமடைப்பள்ளியில் இதன் ஆட்சி பெரிது. தோல் நீக்கி உடைத்த சிறுபருப்பு இன்றி வெண்பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் இல்லை. பருப்பை முதலில் வாசனை வரும் அளவுக்கு வறுத்து, பின்னர் அரிசியுடன் குழைய வேகவிடுவார்கள். 1833இல் தோன்றிய ஜார்ஜ் டவுன் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயம் உட்பட, நவராத்திரி கொண்டாடும் தலங்களில் தேங்காய்த் துருவலிட்ட பயற்றுச் சுண்டல் கைக்கு வரும். நூறு கிராம் பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. விரதம் இருந்த உடலுக்கு அது நல்ல ஊட்டம்.

அன்னதான உபயதாரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீராமநவமிக்கு வழங்கும் கோசுமல்லி வேகாத பருப்பு. ஒரு மணி நேரம் ஊறினால் போதும். உப்பும் எலுமிச்சையும் விநியோகத்திற்குச் சற்று முன்னரே சேர்க்க வேண்டும். காலையில் கலந்து மாலையில் கொடுத்தால் இந்த வெப்பத்தில் கெட்டுவிடும். பச்சை முளையிலும் கிருமிகள் எளிதில் பெருகும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய நோயில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதியோரும் குழந்தைகளும் உண்ணும் பந்தியில் முளையை வேகவைத்துப் படைப்பதே தக்கது.

பினாங்கில் பயறு எல்லா இனத்தார் வீட்டிலும் உறவு கொண்டாடுகிறது. சீனர் வாணலியில் அது தவ்கே. மலாய்க்காரர் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சும் பூபோர் காச்சாங் ஹிஜாவ், நம் பயற்றுப் பாயசத்தின் உடன்பிறப்பு. தீவின் புகழ்பெற்ற தாவ் சார் பியா பலகாரத்தின் பூரணமும் இதே சிறுபருப்புதான். ஆனால் விரதத்தில் இருப்போர், அது எந்தக் கொழுப்பில் செய்யப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.