அணை திறந்தால் அருவிக்குத் தடை: இது எப்போது பொய்?

1906-இல் திருவிதாங்கூர் அரசு கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. இன்று பேச்சிப்பாறை 43 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று வைத்துக்கொள்வோம். 'பேச்சிப்பாறை நிரம்பியது' பொய், 'பெருஞ்சாணி நிரம்பியது' மெய். 'இரண்டும் நிரம்பின' என்றால் பொய். ஒன்று குறைந்தாலே போச்சு. 'இரண்டில் ஒன்றாவது நிரம்பியது' மெய். இரண்டுமே நிரம்பினாலும் அது மெய்தான். 'இரண்டும் நிரம்பின' என்பதை மறுக்க, 'இரண்டுமே நிரம்பவில்லை' என்று சொல்லக்கூடாது. 'ஒன்றாவது நிரம்பவில்லை' என்பதே சரியான மறுப்பு.

இதுவரை சிக்கல் இல்லை. பிளஸ் டூ கணக்கில் பிள்ளைகள் தடுமாறுவது 'ஆல்' விகுதியில்தான். 'பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை' என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். அணைக்குக் கீழே அதே கோதையாற்றில்தான் அருவி இருக்கிறது. நீர் திறந்தார்கள், தடையும் போட்டார்கள்: மெய். திறந்தும் தடை போடவில்லை: பொய். திறக்கவில்லை, தடையும் இல்லை: மெய். திறக்கவே இல்லை, ஆனாலும் தடை: இதுவும் மெய்!

கடைசியது பலருக்குத் தொண்டையில் சிக்கும். ஆனால் அணை திறக்காதபோது என்ன நடக்கும் என்று அந்தக் கூற்று வாயே திறக்கவில்லையே. அணை மூடியிருந்தாலும் கனமழையில் வழியிலேயே வெள்ளம் சேர்ந்து தடை வரலாம். ஆகவே தடைப் பலகையைப் பார்த்துவிட்டு 'அப்போ அணையைத் திறந்துட்டாங்க' என்று முடிவு கட்டுவது தவறு. வாட்ஸ்அப் வதந்திகளில் பாதி இப்படித் தலைகீழாகப் படித்ததால் வருபவை என்பது என் எண்ணம்.

கூற்று நீளமானால் உள்ளிருந்து வெளியே வாருங்கள். 'பேச்சிப்பாறையோ பெருஞ்சாணியோ நிரம்பினால், ஆற்றோரத்துக்கு எச்சரிக்கை விடப்படும்.' முதலில் 'ஓ' சேர்ந்த பகுதி: நம் கணக்கில் பெருஞ்சாணி 77 அடி, எனவே மெய். எச்சரிக்கை விட்டிருந்தால் முழுக் கூற்றும் மெய், விடாவிட்டால் பொய். இதில் தனிக் கூற்றுகள் மூன்று என்பதால் முழு அட்டவணைக்கு 8 வரிசை வேண்டும். ஒரு தாளில் எட்டையும் எழுதிப் பாருங்கள். பொய் என்று வருவது மூன்றே இடத்தில்தான்.